தேனுக்கு ஒரு பதில், சர்க்கரைக்கு வேறொரு பதில்

விலங்கிலிருந்து வரும் எதையும் தவிர்க்கும் வீகன் உணவுக்குப் புதிதாக மாறியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாலும் முட்டையும் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதற்கப்புறம் சர்க்கரை வரும். "சர்க்கரையில் மாட்டு எலும்பு இருக்காமே, நிஜமா?" என்று கலங்கிப்போய்க் கேட்பார்கள். ஆமாம் என்றாலும் சரியாகாது, இல்லை என்றாலும் சரியாகாது. நின்ற இடத்தில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தேன் வீகன் உணவு அல்ல. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சர்க்கரை செடியிலிருந்து வருகிறது, ஆனால் சில ஆலைகளில் அதை வெளுக்க விலங்கின் எலும்பு பயன்படுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலில் போட்டு, இரண்டுமே ஒரே அளவு தப்பு என்பதுபோல் பேசுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

சர்க்கரையைப் பார்ப்போம். கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கினால் அழுக்கு அடியில் படியும். தெளிந்த சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, படிகம் கட்ட வைத்து, சுழலும் எந்திரத்தில் போட்டு மொலாசஸ் என்ற கறுத்த பாகைப் பிரித்தால் பழுப்பு நிறத்தில் கச்சாச் சர்க்கரை கிடைக்கும். அதை வெள்ளையாக்கும் வேலை பல நேரம் வேறொரு ஆலையில் நடக்கிறது. கச்சாச் சர்க்கரையை மறுபடி கரைத்து, அந்தக் கரைசலில் மிச்சமிருக்கும் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு பொருளின் வழியே ஓடவிடுவார்கள். அந்தப் பொருள் எலும்புக்கரியா, வேறு ஏதாவதா என்பதுதான் நம் கேள்வி.

எலும்புக்கரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். மாட்டு எலும்பைச் சுத்தம் செய்து, காற்றுப் புகாத கலத்தில் 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். மிளகை ஒன்றிரண்டாக நொறுக்கியதுபோல் கறுத்த மணிகள் கிடைக்கும். கரி என்று பெயர் இருந்தாலும் அதில் கார்பன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மற்றதில் பெரும்பகுதி எலும்பில் இருந்த கால்சியம் பாஸ்பேட். நுண்துளைகள் நிறைந்த அந்தப் பாஸ்பேட்டின் மேல் கார்பன் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. உயரமான தொட்டிகளில் இந்த மணிகளை நிரப்பி மேலிருந்து சர்க்கரைக் கரைசலை விட்டால், நிறமிகளும் சில உப்புகளும் மணிகளில் ஒட்டிக்கொள்ள, தெளிந்த கரைசல் கீழே இறங்கும். கரியின் வீரியம் குறைந்ததும் கழுவி, மறுபடி சூளையில் சுட்டு, திரும்பவும் தொட்டியில் போடுவார்கள். ஆக, எலும்பு சர்க்கரையில் கலப்பதில்லை. சர்க்கரை எலும்பின் வழியே வருகிறது.

இது இன்று நேற்று வந்த முறையும் அல்ல. அதற்கு முன்பு ஐரோப்பிய ஆலைகளில் மாட்டு ரத்தத்தையே பாகில் ஊற்றிக் காய்ச்சினார்கள். சூட்டில் ரத்தத்தின் புரதம் உறைந்து, அழுக்கை இழுத்துக்கொண்டு நுரையாக மேலே வரும். அதை வழித்துப் போட்டுவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலும்புக்கரி வந்தது. இப்போது அதையும் விட்டு நகர்ந்துவிட்ட ஆலைகள் ஏராளம். நிலக்கரி, மரம், தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றிலிருந்து தயாராகும் ஆக்டிவேட்டட் கார்பன் சில இடங்களில், நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் செயற்கை மணிகளான அயனிப் பரிமாற்றப் பிசின் சில இடங்களில். கச்சாச் சர்க்கரையாக நிறுத்தாமல், சாற்றைக் கந்தக டை ஆக்சைடு கொண்டு தெளியவைத்து ஆலையிலேயே நேரடியாக வெள்ளைச் சர்க்கரை எடுக்கும் முறையும் உண்டு. அதில் எலும்புக்கரிக்கு வேலையே இல்லை.

பீட்ரூட் இனத்துக் கிழங்கிலிருந்து எடுக்கும் பீட் சர்க்கரைக்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது. பீட் கிழங்கிலும் கரும்பில் உள்ள அதே சர்க்கரைதான் இருக்கிறது என்று 1747இல் ஜெர்மானிய வேதியியலாளர் மார்கிராஃப் கண்டுபிடித்தார். உலகச் சர்க்கரையில் இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பீட்டிலிருந்து வருகிறது. அதன் சாற்றைச் சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் கொண்டு தெளியவைத்தால் நேராகவே வெள்ளைப் படிகம் கிடைத்துவிடும், எலும்புக்கரி தேவைப்படாது. உறையில் 'பீட் சர்க்கரை' என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். வெறுமனே 'சர்க்கரை' என்று மட்டும் இருந்தால் அது கரும்பா, பீட்டா, இரண்டும் கலந்ததா என்று சொல்வதற்கில்லை.

பழுப்புச் சர்க்கரை என்றால் எலும்புக்கரி பட்டிருக்காது என்று பலரும் நம்பி வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது வெளுத்த சர்க்கரையின் மேல் மொலாசஸைத் திரும்பப் பூசியதுதான். வெளுக்கும்போது எலும்புக்கரி வழியே போயிருந்தால் போனதுதான். பொடித்த சர்க்கரையும் அதே வெள்ளைச் சர்க்கரைதான், கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சோளமாவு சேர்ந்திருக்கும். சாற்றை அப்படியே காய்ச்சி இறுக்கிய வெல்லம், மொலாசஸ் பிரிக்காத மஸ்கோவாடோ சர்க்கரை மாதிரியானவற்றில் வெளுக்கும் கட்டமே கிடையாது. அமெரிக்காவின் ஆர்கானிக் விதிகள் எலும்புக்கரியை அனுமதிப்பதில்லை என்பதால் அந்த முத்திரை உள்ள சர்க்கரையும் சரி.

உறையைப் படித்தே முடிவு செய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பதப்படுத்தும்போது உதவிவிட்டு, உணவில் தங்காமல் போகும் பொருள்களை உட்பொருள் பட்டியலில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் பெரும்பாலான நாடுகளின் விதி. எலும்புக்கரி அந்த வகைக்குள் வந்துவிடுகிறது. இதுதான் எனக்கு உண்மையாகவே ஆறாத விஷயம். விலங்கின் உடல் வழியே வந்த ஒன்றைத் தின்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு இருக்கிறது, ஆனால் முடிவு செய்யத் தேவையான தகவல் மட்டும் கைக்கு வருவதில்லை.

அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதையும் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். ஒரு சர்க்கரை நிறுவனத்துக்கு, உங்கள் சர்க்கரை வீகன் உணவுக்கு ஏற்றதா என்று எழுதினேன். 'எங்கள் பொருளில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை' என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை, எனக்கு வேண்டிய பதிலும் இல்லை. திரும்ப எழுதினேன்: 'நிறம் நீக்க உங்கள் ஆலையில் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? எலும்புக்கரியா, ஆக்டிவேட்டட் கார்பனா, பிசினா? உங்கள் பெயரில் வரும் சர்க்கரை முழுவதும் ஒரே முறையில் வருகிறதா?' அதற்குப் பதில் ஒரே சொல்லில் வந்தது: பிசின். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் சர்க்கரை பல ஆலைகளிலிருந்து வரலாம், ஒவ்வோர் ஆலையும் ஒவ்வொரு முறையை வைத்திருக்கலாம்.

சரி, விசாரிக்க வழியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? நண்பர் வீட்டில் பால் சேர்க்காமல் நமக்கென்றே ஒரு கேக் செய்து வைத்திருக்கிறார். சர்க்கரை எந்த ஆலையிலிருந்து வந்தது என்று அவரை நிற்கவைத்துக் கேட்பதா? நான் கேட்பதில்லை, சந்தோஷமாகச் சாப்பிடுகிறேன். 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டி தரும் வரையறையிலேயே, சாத்தியமான, நடைமுறைக்கு ஒத்துவரும் அளவுக்கு விலங்குகளைச் சுரண்டுவதையும் வதைப்பதையும் தவிர்ப்பது என்றுதான் இருக்கிறது. அந்த அளவுகோல் தப்பித்துக்கொள்வதற்கான சாக்கு என்று நான் நினைக்கவில்லை. எலும்புக்கரிக்காக யாரும் மாடு வளர்ப்பதில்லை. இறைச்சிக்காக வெட்டிய மாட்டின் மிச்சம் அது. மிச்சத்தையும் காசாக்க முடிகிறபோது அந்தத் தொழிலுக்கு அது ஒரு சிறு தாங்கல் என்பதும் உண்மைதான். அதனால்தான் என் சமையலறைக்கு வரும் சர்க்கரையை விசாரித்து வாங்குகிறேன். ஆனால் பாலையும் இறைச்சியையும் விட்டுவிட்ட ஒருவரை, சர்க்கரையைக் காட்டி 'நீ இன்னும் முழு வீகன் இல்லை' என்று சொல்லித் துரத்துவது எந்த மாட்டையும் காப்பாற்றாது. இதெல்லாம் நம்மால் முடியாது என்று அவர் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிப் போனால் இழப்பு விலங்குகளுக்குத்தான்.

தேன் விஷயத்தில் நான் இந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே விலங்கு ஏதோ ஓர் ஆலையின் நடுக்கட்டத்தில் வந்துபோகிற ஒன்று இல்லை. தேனைச் செய்வதே அதுதான்.

தேன் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். வேலைக்காரத் தேனீ பூக்களில் உறிஞ்சிய மதுரத்தை, அதாவது பூவில் ஊறும் இனிப்பு நீரை, வயிற்றுக்கு முன்னால் இருக்கும் தேன்பையில் சுமந்து வருகிறது. கூட்டில் இன்னொரு தேனீயின் வாய்க்கு அதை மாற்றுகிறது, அது அடுத்ததற்கு. அப்படிக் கைமாறும்போதே அவற்றின் நொதி சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கிறது. அடையின் அறைகளில் அதைப் பரப்பிவிட்டு, மணிக்கணக்கில் சிறகை விசிறி ஈரத்தை ஓட்டுகின்றன. பெரும்பகுதி தண்ணீராக வந்த மதுரம், ஈரம் 18 சதவீதம் அளவுக்குக் குறைந்த தேனாகிறது. அப்புறம் மெழுகால் மூடி வைக்கின்றன. ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. கோடைக்காலத்தில் அதன் வாழ்நாளே சுமார் ஆறு வாரம்தான்.

இவ்வளவு பாடும் பூ இல்லாத காலத்துக்காக. குளிர் கடுமையான நாடுகளில் தேனீக்கள் கூட்டுக்குள் நெருங்கிக் கொத்தாகக் கூடி, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி வெப்பம் உண்டாக்கி ராணியைக் காக்கின்றன. அந்த வெப்பத்துக்கு எரிபொருள் இந்தத் தேன்தான். வணிகமாக வளர்ப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சர்க்கரைப் பாகு வைப்பது பரவலான வழக்கம். கலோரி ஈடாகலாம். ஆனால் மகரந்தத்தின் வழியே தேனில் சேரும் பி-கூமாரிக் அமிலம், தேனீயின் உடலில் நச்சை முறிக்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வெறும் சர்க்கரைப் பாகில் அது கிடையாது.

ராணித் தேனீயின் கதை இதைவிடக் கஷ்டமானது. கூட்டம் பிரிந்து வேறு இடம் போய்விடாமல் இருக்க ராணியின் சிறகு நுனியைக் கத்தரிப்பவர்கள் இருக்கிறார்கள். முட்டையிடும் வேகம் குறையுமுன் பழைய ராணியைக் கொன்றுவிட்டுப் புதியதை வைப்பார்கள். இன விருத்திக்காகச் செயற்கைக் கருவூட்டல் செய்யும்போது ராணியைக் கார்பன் டை ஆக்சைடால் மயக்கிக் குழாயில் பொருத்துகிறார்கள். அதற்கு விந்தெடுக்கப்படும் ஆண் தேனீ அதிலேயே செத்துப்போகும். எல்லாத் தேனீ வளர்ப்பாளரும் இப்படிச் செய்வதில்லை, அன்போடு வளர்ப்பவர்கள் உண்டு. அவர்களும் தேனீ தனக்கென்று சேர்த்ததைத்தான் எடுக்கிறார்கள்.

பூச்சிக்கு வலி தெரியுமா என்று உடனே கேட்பார்கள். இந்தக் கேள்வி முன்பிருந்த அளவுக்கு இப்போது எளிதாகத் தள்ளிவிடக் கூடியதாக இல்லை. பம்பிள் தேனீக்கள் எந்த உணவும் பரிசும் இல்லாமலே சிறு மரப் பந்துகளைத் திரும்பத் திரும்ப உருட்டுவதை லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2022இல் பதிவு செய்தார்கள். பார்ப்பதற்கு அது விளையாட்டாகவே இருக்கிறது, உள்ளே ஏதோ உணர்வு இருக்கலாம் என்று நினைக்க வைக்கிறது. வலி உறுதியாகத் தெரியும் என்று நான் வாதாடப் போவதில்லை. தெரியலாம் என்பதற்கு இவ்வளவு இடம் இருக்கும்போது, இல்லாமலே இருக்க முடிகிற ஓர் இனிப்புக்காக அந்தச் சந்தேகத்தின் பலனைத் தேனீக்குக் கொடுப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

தேன் வாங்கினால் தேனீக்களைக் காப்பாற்றுகிறோம் என்ற பேச்சும் இருக்கிறது. உலகில் சுமார் 20,000 தேனீ இனங்கள் இருக்கின்றன. பெட்டியில் வளர்வது அவற்றில் மிகச் சில. ஓர் இடத்தில் தேன்பெட்டிகளைக் குவித்தால் அங்கிருக்கும் காட்டுத் தேனீக்களோடு பூவுக்குப் போட்டி வரும். பெட்டித் தேனீக்களின் நோய்கள் அவற்றுக்கும் தொற்றும். ஆபத்தில் இருப்பவை பெரும்பாலும் இந்தப் பெயர் தெரியாத இனங்கள்தான்.

இதைவிட வலுவான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. பாதாம் வீகனா? அமெரிக்காவில் வணிகத்துக்கு வளர்க்கும் தேன்கூடுகளில் பாதிக்கும் மேல் பிப்ரவரியில் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்குப் போகின்றன. பாதாம் பால் குடித்துக்கொண்டு தேனை மட்டும் மறுப்பது எப்படிச் சரி என்று கேட்டால், கேள்வி நியாயமானது. விவசாயம் முழுவதையும் பிடித்திருக்கும் ஒரு கேட்டிலிருந்து என் தட்டை முழுசாக விலக்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. நானே பாதாமைக் குறைத்துவிட்டு ஓட்ஸ் பாலுக்கு வந்தேன். ஆனால் ஒரு கேட்டை முழுசாக விலக்க முடியவில்லை என்பதால், எளிதில் விலக்கக்கூடிய இன்னொன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

தேனின் இடத்துக்கு என்ன என்று கேட்டால் பாகுகள் நிறைய இருக்கின்றன. பேரீச்சம்பழப் பாகு, அரிசிப் பாகு, சோளப் பாகு எல்லாம் தாவரம்தான். அரிசியையும் சோளத்தையும் பாகாக்க உதவும் நொதிகள் முளைகட்டிய தானியத்திலிருந்தோ நுண்ணுயிரிகளிலிருந்தோ வருகின்றன. மேப்பிள் பாகில் மட்டும் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். மரத்திலிருந்து வடியும் நீரில் சர்க்கரை 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் காய்ச்ச வேண்டும். காய்ச்சும்போது நுரை பொங்கி வழியும். அதை அடக்க முன்னாளில் ஒரு துளி வெண்ணெயோ க்ரீமோ போடுவார்கள், கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பன்றிக் கொழுப்புத் துண்டைத் தொங்கவிடுவதும் உண்டு. இப்போது பெரும்பாலும் தாவர எண்ணெயோ அதற்கென்றே விற்கும் நுரையடக்கியோதான். சிறு உற்பத்தியாளரிடம் வாங்குகிறீர்கள் என்றால் கேட்டுவிடுங்கள், தயங்காமல் சொல்வார்கள். அகாவே பாகு மெக்சிகோவின் கற்றாழை போன்ற செடியிலிருந்து வருகிறது. இந்தச் செடி வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும், சாறுக்காக அதைப் பூக்குமுன்பே வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பூவின் மதுரத்தை நம்பி வாழும் வௌவால்கள் இருக்கின்றன என்பதால் சிலர் இதையும் தவிர்க்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இனிப்பு எதிலிருந்து வந்தாலும் உடம்புக்குச் சர்க்கரைதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் சர்க்கரைக் கணக்கில் இந்தப் பாகுகள் எல்லாமே அடக்கம்.

அப்புறம் சர்க்கரைக்குப் பதிலாக விற்கும் மாற்று இனிப்புகள். விலங்குக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சரி. சாக்கரின் வேதியியல் கூடத்தில் பிறந்தது, அஸ்பார்ட்டேம் இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்துச் செய்தது, சுக்ரலோஸ் சர்க்கரையில் குளோரின் ஏற்றியது, ஸ்டீவியா ஒரு செடியின் இலை. ஆனால் ஒற்றைக் கையால் அழுத்தினால் ஒரு மாத்திரை விழுமே, அந்தச் சின்ன டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் பலவற்றில் 'லாக்டோஸ்' என்று இருக்கும். இந்த இனிப்புகள் சர்க்கரையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தீவிரமானவை, ஒரு மாத்திரைக்குத் துளியளவுதான் தேவை. மாத்திரைக்கு உருவம் கொடுக்க வேறொன்றைச் சேர்த்தாக வேண்டும், அதற்குப் பால் சர்க்கரை தோதாக இருக்கிறது. எலும்புக்கரி போல் இது வந்துபோவதில்லை, மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரைக்கு அவ்வளவு பதறுகிறவர்கள் இதை எப்போதாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதே இனிப்பைத் திரவமாக வாங்கினால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். உறையில் ஈ966 என்ற எண்ணாலும் குறிக்கப்படும் லாக்டிட்டால் என்ற இனிப்பு பால் சர்க்கரையிலிருந்தே செய்வது. டாகடோஸ் என்ற இன்னொரு இனிப்பையும் பால் சர்க்கரையிலிருந்து செய்வதுண்டு.

இந்த இனிப்புகளுக்குப் பின்னால் இருக்கும் விலங்குச் சோதனைகள்தான் எனக்கு உறுத்தல். சாக்கரினை 1879இல் கண்டுபிடித்தார்கள். எலிகளுக்கு ஏராளமாக ஊட்டிப் பார்த்ததில் சிறுநீர்ப்பையில் புற்று வந்ததால் 1977இல் அமெரிக்காவில் அதைத் தடை செய்யவே முயன்றார்கள், பிறகு எச்சரிக்கை வாசகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் புற்று எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் வந்தது, மனிதருக்குப் பொருந்தாது என்று தெளிவானபின் 2000இல் அந்த வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். நமக்குப் பொருந்தாத ஒரு பதிலுக்காக அத்தனை எலிகள். ஸ்டீவியாவின் இனிப்புப் பொருளையும் சோதித்துத்தான் அனுமதித்தார்கள். நடந்த சோதனையை நான் வாங்காமல் விடுவதால் திருப்பி எடுக்க முடியாது என்பதால் பழைய இனிப்புகளை நான் ஒதுக்குவதில்லை. புதிதாக ஓர் இனிப்பு வந்தால், ஏற்கனவே இத்தனை இருக்கும்போது இதற்கு அவசியம் என்ன என்று யோசித்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

கடைசியாக சைலிட்டால். மரம், சோளக் கதிர்க்கட்டை போன்றவற்றிலிருந்து எடுப்பது, உட்பொருளில் விலங்கு எதுவும் இல்லை, பல்லுக்கும் நல்லது. ஆனால் நாய்க்கு அது நஞ்சு. சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் சில துண்டுகளே ஒரு சின்ன நாயின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், அதிகம் தின்றால் ஈரல் பழுதாகும். விலங்குகளுக்காக உணவை மாற்றிக்கொண்டவர்களில் நாய் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன்: வீட்டில் நாய் இருந்தால் இதை உள்ளே கொண்டு வராதீர்கள், நிலக்கடலை வெண்ணெயையும் பற்பசையையும்கூட உட்பொருள் பார்த்து வாங்குங்கள். தவறித் தின்றுவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.